அக்கூஸ்டிக் ப்ளூஸ் கிதார்: பயிலரங்கில் கற்பது எப்படி?

கேள்வி: அமெரிக்கப் பயிலரங்குகளில் அக்கூஸ்டிக் ப்ளூஸ் கிதாரை எப்படிக் கற்றுத்தருகிறார்கள்?

பதில்: ப்ளூஸ், அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்களிடையே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான இசை. பெரும்பாலும் செவிவழியாகவே அது தலைமுறை தாண்டி வந்தது. பயிலரங்குகளும் அந்த வழியையே போற்றுகின்றன. மேற்கு வர்ஜீனியாவின் எல்கின்ஸில் உள்ள அகஸ்டா பாரம்பரிய மையமும், வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் டவுன்செண்டில் உள்ள சென்ட்ரம் கலை அமைப்பும் ஒரு வாரப் பயிலரங்குகளுக்குப் பெயர்பெற்றவை. அமெரிக்கத் தென்கிழக்கின் பீட்மான்ட் பாணி ப்ளூஸ் கலைஞர் ஜான் செஃபாஸ் இரண்டிலும் கற்பித்தவர்.

முதல் பாடம் வலக்கைப் பெருவிரலுக்கு. அது தடித்த தந்திகளை மாறி மாறி மீட்டித் தாளம் காக்க, மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டை வாசிக்கும். 1928இல் இசைத்தட்டுகளில் பாடி, பிறகு மறக்கப்பட்டு, 1963இல் மீண்டும் கண்டறியப்பட்ட மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் வாசிப்பு இதற்குச் சிறந்த முன்மாதிரி.

அடுத்தது ஸ்லைடு. தந்திகளை டி-ஜி-டி-ஜி-பி-டி எனச் சுருதி மாற்றி, இடக்கை விரலில் மாட்டிய கண்ணாடிக் குழாயைத் தந்திமேல் வழுக்கவேண்டும். தந்தியை அழுத்தக் கூடாது; குழாய் மெட்டுக்கம்பிக்கு நேர்மேலே நிற்கவேண்டும். மயிரிழை விலகினாலும் சுருதி பிசகும்.

துணைக்கருவிகளில் மாண்டலினுக்கு ப்ளூஸ் கலைஞர் யாங்க் ரேச்செல் வகுத்த வழி உண்டு. வகுப்பு முடிந்தபின் எல்லோரும் வட்டமாக அமர்ந்து சேர்ந்து வாசிக்கும்போதுதான், காலையில் கற்ற பாடம் கையில் படிகிறது.