நாலு இழை ஆர்.என்.ஏ.

ஆர்.என்.ஏ. என்றால் ஒற்றை இழை என்றுதானே படித்தோம்? அதோடு முடியவில்லை நண்பர்களே! குவானின் நிறைந்த ஆர்.என்.ஏ. மடிந்து மடிந்து நாலு இழைத் தூணாகவும் நிற்கும்.

நாலு குவானின்கள் 8 ஹைட்ரஜன் பிணைப்புகளால் சேர்ந்தால் ஒரு சதுரத் தட்டு. தட்டுமேல் தட்டு அடுக்கும்போது நடுவிலுள்ள ஆக்ஸிஜன்கள் ஒன்றையொன்று தள்ளும். அடுக்கு சரியாமல் காப்பது இடையில் உட்காரும் பொட்டாசிய அயனி. சோடியம் அவ்வளவு இறுக்காது. லித்தியத்தை நம்பவே முடியாது. சைஸ் பொருந்தாத போல்ட் மாதிரிதான்! கூடுதல் ஹைட்ராக்ஸில் தொகுதியும் கைகொடுப்பதால், இது டி.என்.ஏ. தூணைவிடப் பெரும்பாலும் உறுதி.

இந்த உறுதியே முட்டுக்கட்டையும் ஆகலாம். புற்றுநோயோடு தொடர்புள்ள என்-ராஸ் மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. முன்பகுதியில் இப்படியொரு தூண் உண்டு. சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்ரமணியனின் கேம்பிரிட்ஜ் குழு 2007-ல் சோதனைக் குழாயில் பார்த்தது: தூண் இருந்தால் புரத உற்பத்தி குறைகிறது, எடுத்துவிட்டால் ஏறுகிறது.