அங்கீகாரத்தின் விலை: டான்சானியாவும் இரு ஜெர்மனிகளும்

ஓர் அரசை மற்றோர் அரசு அங்கீகரிப்பது வெறும் சட்டச் சடங்கன்று. வல்லரசுகள் இரு முகாம்களாகப் பிரிந்து நின்ற காலத்தில், புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கு அது வளர்ச்சிப் பிரச்சினையாகவும் அமைந்தது. டான்சானியாவின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

ஹால்ஸ்டைன் கோட்பாடு

1949-இல் ஜெர்மனியில் இரு அரசுகள் தோன்றின. ஜெர்மன் மக்கள் அனைவரின் சார்பிலும் பேசும் உரிமை தனக்கே உண்டு என மேற்கு ஜெர்மனி வாதித்தது. கிழக்கு ஜெர்மனியை அங்கீகரிக்கும் நாடுகளுடன், சோவியத் யூனியன் நீங்கலாக, தூதரக உறவைத் துண்டிப்பது என 1955-இல் அது முடிவு செய்தது. ஹால்ஸ்டைன் கோட்பாடு எனப்பட்ட இக்கொள்கையின்படி, 1957-இல் யூகோஸ்லாவியாவுடனும் 1963-இல் கியூபாவுடனும் உறவை முறித்துக்கொண்டது.

இருதலைக் கொள்ளி

1964 ஜனவரிப் புரட்சியை அடுத்து, சான்சிபார் தீவின் புதிய அரசு கிழக்கு ஜெர்மனியை அங்கீகரித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 26-இல் சான்சிபாரும் தங்கனீக்காவும் ஒரே நாடாக இணைந்தன. தங்கனீக்காவோ மேற்கு ஜெர்மனியிடம் உதவி பெற்றுவந்த நாடு. கிழக்கு ஜெர்மன் தூதரகத்தை மூடினால் சான்சிபார் தலைவர்கள் மனம் கசந்து, புதிய இணைப்பு தளரக்கூடும். மூடாவிடில் உதவி நின்றுபோகும்.

குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே ஒரு நடுவழியைக் கண்டார். சான்சிபாரிலிருந்த தூதரகத்திற்குப் பதிலாக, முறையான அங்கீகாரம் அளிக்காமலே, தலைநகரான தார் எஸ் சலாமில் கிழக்கு ஜெர்மனியின் துணைத் தூதரகம் ஒன்றிற்கு 1965-இல் இசைவளித்தார். இதனையும் ஏற்காத மேற்கு ஜெர்மனி, தனது இராணுவப் பயிற்சி உதவியை நிறுத்தியது. எஞ்சிய அரசு உதவியையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு நைரேரே கூறிவிட்டார். முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கி ஓராண்டுகூட நிறைவுறாத நேரம் அது.

கிடைக்கும் படிப்பினை

சினத்தால் அவர் எதிர் முகாமில் சேர்ந்துவிடவில்லை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. கிழக்கு ஜெர்மனிக்கு முழு அங்கீகாரம் 1972-இல்தான் அளிக்கப்பட்டது. இந்தியாவும் அவ்வாண்டு அக்டோபரில்தான் அதனை அளித்தது. 1973-இல் இரு ஜெர்மனிகளும் ஐக்கிய நாடுகள் சபையில் இடம் பெற்றன; கோட்பாடும் மறைந்தது.

உதவி பெறுதல் இழிவன்று. ஆயின், எவருடன் உறவு கொள்வது என்பதை உதவி அளிப்பவர் முடிவு செய்யின், பெறுபவரின் விடுதலை பெயரளவில்தான் நிற்கும். அதனைக் காக்கும் செலவு திட்டக் கணக்கில் உண்மையான இழப்பாகவே வந்து சேரும். அதனை அறிந்தே ஏற்றதில்தான் டான்சானியாவின் அணிசேராக் கொள்கை பொருள் பெற்றது. 1967-இல் அருஷா பிரகடனம் தற்சார்பை வலியுறுத்தியதன் பின்னணியில் இவ்வனுபவமும் உண்டு.