நோயாளியிடம் கற்ற மூன்று பாடங்கள்



ஆராய்ச்சி என்றதும் கண்ணாடிக் குழாய்களும் வெள்ளை அங்கி அணிந்த விஞ்ஞானிகளும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். “மருந்து வாங்கவே பணம் போதாதபோது ஆராய்ச்சிக்கு ஏன் செலவு?” என்ற கேள்வியும் எழும். நியாயமான கேள்வியே. ஆனால் நோயாளியின் வீடு, கூலி, சாப்பாடு ஆகியவற்றை விசாரித்து அறியும் ஆராய்ச்சியும் உண்டு. அது ஏழைகளுக்குக் கிடைக்கும் சிகிச்சையையே மாற்றியிருக்கிறது. காசநோயின் சரித்திரத்திலிருந்து மூன்று பாடங்களை இம்முறை கவனிப்போம்.

1. வீட்டிலேயே குணமாக முடியுமா?

முற்காலத்தில் காசநோய்க்குச் சிகிச்சை என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, சத்துள்ள ஆகாரம், மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. நம் நாட்டிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகள் சில ஆயிரங்களே. இடம் கிடைத்தாலும், சம்பாதிக்கிற தகப்பன் ஓராண்டு படுத்துவிட்டால் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது யார்?

இதற்கு விடை காண 1956-ல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்றார். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் சேர்ந்தனர். மறு பிரிவினர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஐசோநயாசிட், பி.ஏ.எஸ். என்ற அதே மருந்துகள் ஓராண்டு கொடுக்கப்பட்டன. ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள்.

1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்கள் ஓய்வும் ஊட்டமும் குறைவாகப் பெற்றும், ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே குணமடைந்திருந்தனர். அவர்கள் வீட்டாரிடையே நோய் அதிகமாகப் பரவவுமில்லை. படுக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, மருந்தைத் தவறாமல் கொடுப்பதே முக்கியம் என்பது தெளிவாயிற்று. பல நாடுகளில் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வெளிநோயாளர் பிரிவுக்கு வந்ததற்கு இந்த ஆய்வு ஒரு முக்கிய காரணம்.

2. குறை யாரிடம்?

வீட்டில் குணமாக்கலாம் என்று தெரிந்தபின் அடுத்த கேள்வி வந்தது: நோயாளிகளை எப்படிக் கண்டுபிடிப்பது? கிராமத்து ஜனங்கள் அறியாமையினால் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்றே பலரும் எண்ணினார்கள். பெங்களூரிலுள்ள தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் துமகூரு மாவட்டத்தில் நோயாளிகளையே நேரில் விசாரித்தார்கள். 1963-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு நம்மைத் தலைகுனிய வைக்கிறது. நோயாளிகளில் பெரும்பாலோர் தங்கள் உடல்நிலையை அறிந்தே இருந்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் ஏற்கெனவே சிகிச்சை தேடிப் போயிருந்தார்கள். அவர்களில் பலருக்குக் கிடைத்ததோ ஒரு பாட்டில் இருமல் மருந்து.

வராதவரைத் தேடுவதற்கு முன், வந்தவரின் சளியைப் பரிசோதிக்க வேண்டும். எனவே 1962-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில், அருகிலுள்ள சாதாரண ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார நிலையங்களிலும் சளிப் பரிசோதனைக்கு முக்கிய இடம் கொடுக்கப்பட்டது.

3. பசித்தவருக்கு மாத்திரை போதுமா?

குறைந்த ஆகாரத்திலும் மருந்து வேலை செய்யும் என்று சென்னை ஆய்வு காட்டியது. ஆகாரம் வேண்டாம் என்று அது சொல்லவில்லை. விட்டுப்போன இந்தக் கேள்வியை 2019-ல் ஜார்க்கண்ட் மாநிலத்தின் 4 மாவட்டங்களில் ஓர் ஆய்வு கையில் எடுத்தது. சென்னையில் அன்று தொடங்கிய அதே மையம், இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில், இதிலும் பங்குபெற்றது.

2,800 நோயாளிகளுக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொடுக்கப்பட்டன. ஒரு பிரிவில் மட்டும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் தரப்பட்டன. 2023-ல் வெளியான முடிவின்படி, அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளைப் பொறுத்தவரை, முதல் இரண்டு மாதங்களில் எடை கூடியவர்களிடையே மரணமும் குறைவாக இருந்தது. மறு ஆண்டே மத்திய அரசு நோயாளிகளுக்கான மாத ஊட்டச்சத்து உதவியை 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தியது. உணவுப் பொட்டலம் வழங்கும் திட்டத்தை வீட்டாருக்கும் விரிவாக்கியது.

நாம் கற்பது என்ன?

இம்மூன்று ஆய்வுகளிலும் புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருப்பது நோயாளியைச் சென்று சேர்கிறதா, அவரால் அதைப் பயன்படுத்த முடிகிறதா என்றே கேட்டார்கள். சீட்டுப் பதிவு, வீடு வீடாகச் சந்திப்பு, எடை பார்த்துக் குறித்து வைத்தல் ஆகியவையே இவ்வகை ஆராய்ச்சியின் கருவிகள். இவற்றுக்கு ஆகும் செலவு வெளியே தெரிவதில்லை. கட்டடத்தைப் போல் படம் பிடித்துக் காட்டவும் முடியாது. ஆனாலும் ஒரு சரியான கேள்வி, ஆயிரம் படுக்கைகள் செய்ய முடியாததைச் செய்திருக்கிறது.

சிந்திக்க: நம் ஊரில் சிகிச்சையைப் பாதியில் விட்டவரை நாம் குறை கூறுகிறோமா? அல்லது, ஏன் விட்டார் என்று அவரிடமே கேட்டிருக்கிறோமா?