ஐப்பசிக்கு முன் தொட்டியை எடுங்கள். ஆளை மட்டும் உள்ளே இறக்காதீர்கள்

புரட்டாசி பிற்பகுதியில் மரக்காணம் உப்பளங்களில் வேலை ஓய்ந்துவிடும். வாரிய உப்பைக் குவித்து மூடும் அதே நாட்களில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செப்டிக் டேங்கையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மரக்காணத்து அளங்கள் மூழ்கின. அப்படி ஒரு மழையில் நிலத்தடி நீர் ஏறினால் உறிஞ்சு குழி உறிஞ்சாது. கழிவறை எதிர்த்துக்கொண்டு வரும்.

மூன்று ஆண்டாக எடுக்காத தொட்டியை இப்போதே எடுத்துவிட வேண்டும். உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியையே அழைக்க வேண்டும். பேரூராட்சியிலோ 14420 எண்ணிலோ கேட்கலாம். மொட்டைமாடி மழைநீர்க் குழாய் தொட்டியில் சேர்ந்திருந்தால் பிரித்துவிட வேண்டும். காற்றுக்குழாய்க்குக் கொசுவலை கட்ட வேண்டும். ஆசிட் ஊற்றக் கூடாது, கசடைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். நிலம் ஊறிய பிறகு தொட்டியைக் காலி செய்வதும் ஆபத்து. வெளி நீரின் அழுத்தத்தில் காலித் தொட்டி மேலெழும்பி விரிசல் விடும்.

இவற்றில் ஒன்றிரண்டு தவறினால் செலவோடு போகும். ஒன்று தவறினால் உயிர் போகும்: தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது.

கயிறு கட்டிக்கொண்டும் கூடாது. முகத்தில் துண்டு கட்டிக்கொண்டும் கூடாது. ‘அடைப்பை மட்டும் எடுத்துவிட்டு ஏறிவிடுகிறேன்’ என்பவரையும் இறக்கக் கூடாது. தொட்டியில் ஊறும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு சேர்ந்தாலே சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். ‘நாத்தமே இல்லையே, இறங்கு’ என்று மேலே நின்று சொல்கிறவர் அறியாமல் கொலை செய்கிறார். தீக்குச்சி கிழித்துச் சோதிப்பதும் கூடாது. உள்ளே மீத்தேனும் இருக்கும்.

உப்புக் கரையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் உண்டு. உவர்நீர் தொட்டிக்குள் கசிந்தால், காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தச் சல்பேட்டை இதே விஷவாயுவாக மாற்றுகின்றன. மூடியின் அடிப்பக்கம் வெளுத்து, கைபட்டால் மாவாக உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அது இந்த வாயு அமிலமாகி அரித்த தடம். அந்த மூடி ஒரு குழந்தையின் எடையைக்கூடத் தாங்காது. மழைக்கு முன் மாற்றியாக வேண்டும்.

புதுத் தொட்டியில் கழிவே இல்லையே என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு எத்தனை முறை சொல்வது? சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கியும் தமிழ்நாட்டில் தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள். மூடிய தொட்டியில் ஈரப்பலகை மட்க மட்க ஆக்சிஜன் தீர்ந்துவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்கிய தம்பியும் அவரைத் தேடி இறங்கிய மேஸ்திரியும் அடுத்தடுத்துச் சாய்வதுதான் இந்த விபத்துகளின் வழக்கம். ஒருவர் மயங்கினால் எல்லா மூடிகளையும் திறந்துவிட்டு, யாரையும் இறங்க விடாமல் தீயணைப்புத் துறையை 101-லும் ஆம்புலன்ஸை 108-லும் அழைக்க வேண்டும்.

பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில் இத்தகைய சாவுகள் அதிகம் நிகழ்ந்த மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு முன்னால் நிற்கிறது. வெட்கப்பட வேண்டிய இடம் அது.

லாரி வந்ததும் பொறுப்பு முடிந்துவிடாது. 2021-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சர் சதுப்புநிலப் பட்டியலிலும் சேர்ந்த, மரக்காணத்தை ஒட்டிய கழுவேலிக்கு வலசைப் பறவைகள் வருவதும் இதே மாதங்களில்தான். இரவோடு இரவாக ஓடையில் கொட்டினால் மலக்கசடு அங்கேதான் போய்ச் சேரும். கருங்குழியில் 2017 முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது; கசடை முறையாகக் கையாள வழியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பணம் கொடுக்கும் முன் எந்த நிலையத்தில் இறக்கப்போகிறார் என்று ஓட்டுநரிடம் கேட்க வேண்டும். மழுப்பினால் வேறு வண்டியை அழைக்க வேண்டும்.