ஒரே பலகையில் ச, ப, ச

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைக்கு மாறிவிட்ட பழைய ரப்பர் தோட்டம் எங்களுடையது. கோயிலில் திருமுறை வகுப்பு நடக்கிறது. சுருதிப் பெட்டி இல்லை. பள்ளிப் பாடத்துக்கு வாங்கிய அர்டுயினோ ஊனோ பலகையில் டோன் கட்டளை கொடுத்தால் சட்ஜமம் ஒலிக்கிறது. கூடவே வேறொரு பின்னில் பஞ்சமத்தைக் கேட்டால் வருவதில்லை. இரண்டும் சேர்ந்து ஒலிக்க வழி உண்டா, ஐயா?
– நான்காம் படிவ மாணவி, பேராக்

பதில்: உண்டு. பலகை பழுதில்லை. ஊனோவில் உள்ள மூன்று டைமர்களில் இரண்டாம் எண் டைமரை மட்டுமே டோன் கட்டளை பயன்படுத்துகிறது. அது ஒரு ஸ்வரத்தில் இருக்கும்போது, வேறு பின்னுக்கு இடும் டோன் கட்டளை எடுபடாது.

அதனால் ஸ்வரத்துக்கு ஒரு பின் தேடாதீர்கள். எல்லா ஸ்வரங்களின் அலைகளையும் நிரலிலேயே கூட்டி, ஒரே பின் வழியாக வெளியே அனுப்புங்கள். காற்றில் தம்புராவின் நான்கு தந்திகளும் இப்படித்தான் ஒரே அலையாகக் கூடி நம் காதுக்கு வருகின்றன.

முதலாம் எண் டைமரை விநாடிக்கு 16,000 முறை இன்டர்ரப்ட் தர வையுங்கள். பலகை 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதால் ஒவ்வொரு முறையும் 1,000 துடிப்புகள் கிடைக்கும். நான்கு ஸ்வரங்களைக் கூட்ட அது தாராளம். ஸ்வரத்துக்கு ஒன்றாக 16 பிட் எண்ணி வைத்து, ஒவ்வொரு இன்டர்ரப்டிலும் அதனதன் படி எண்ணைக் கூட்டுங்கள். எண்ணி 65,536-ஐத் தொட்டுச் சுழியத்துக்குத் திரும்பினால் ஓர் அலை முடிந்தது. எண்ணியின் மேல் 8 பிட்டைக் கொண்டு, 256 இடமுள்ள அலை அட்டவணையில் மதிப்பை எடுங்கள். மதிப்புகள் 0 முதல் 63 வரை இருக்கட்டும்; நான்கும் கூடினாலும் 252-ஐத் தாண்டாது. அந்தக் கூட்டுத்தொகையை இரண்டாம் எண் டைமரின் பி.டபிள்யூ.எம். மூலம் 11-ஆம் பின்னில் விடுங்கள்.

படி எண்களில்தான் சுருதியின் உயிர் இருக்கிறது. கீபோர்டின் அதிர்வெண் பட்டியலைப் பார்த்துப் போடாதீர்கள். அதில் பஞ்சமம் இம்மியளவு குறைவு. தம்புராவின் கீழ் சட்ஜமம், பஞ்சமம், சட்ஜமம் மூன்றும் 2:3:4 என்ற விகிதத்தில் நிற்பவை. ஐந்து கட்டைக்கு 402, 603, 804 என்று போடுங்கள். நான்காம் தந்திக்கு 805. ஒரு படி என்பது கால் ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே இரண்டு சட்ஜமங்களும் சுமார் நான்கு விநாடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கும். தந்தியின் உயிர்ப்பு கொஞ்சம் வந்துவிடும். அட்டவணையில் வெறும் சைன் அலையை வைக்காமல் இரண்டு, மூன்று, நான்காம் மேற்சுரங்களையும் சேருங்கள். 98 ஹெர்ட்ஸ் கீழ் சட்ஜமத்தைச் சின்ன ஸ்பீக்கரால் சரியாகத் தர முடியாது. மேற்சுரங்கள் இருந்தால் காது அதை உணர்ந்துகொள்ளும்.

ஸ்பீக்கரை நேரே பின்னில் மாட்டாதீர்கள். 20 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால் சிப்புக்குக் கேடு. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் கொண்ட வடிகட்டி, பிறகு 10 கிலோ ஓம் வால்யூம், அதன்பின் பி.ஏ.எம். 8403 போன்ற சிறு ஆம்ப்ளிஃபையர் என்று இணையுங்கள்.

பெங்களூரில் ராடெல் நிறுவனத்தைத் தொடங்கிய ஜி. ராஜ் நாராயண் பொறியாளர், புல்லாங்குழல் கலைஞரும்கூட. மின்னணுச் சுருதிக் கருவியை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர். பாட்டும் மின்னணுவும் ஒருவரிடமே சேர்ந்தால் நல்ல கருவி பிறக்கும். உங்களிடம் இரண்டுமே இருக்கின்றன.

பிள்ளைகளுக்கு ஆறு கட்டை வசதியென்றால் 450, 675, 900, 901 என மாற்றுங்கள். கீழ் சட்ஜமத்தின் எண் இரண்டால் வகுபட்டால் விகிதம் பிசகாது. முதலில் அவர்களைப் பாடவிட்டுக் கேளுங்கள். கட்டையை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.