பெரிய மோட்டார் வண்டிக்கு உயர்ரகப் பெட்ரோல் அவசியமா?

வண்டி பெரிதாயின் விலையுயர்ந்த பெட்ரோலே வார்த்தல் வேண்டும் என்பது பலருடைய அபிப்பிராயம். இது சரியன்று.

உயர்ரகப் பெட்ரோலில் சக்தி அதிகமில்லை. ஆக்டேன் எண்ணே அதிகம். ஸிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் நெருக்கப்படுகையில் உஷ்ணம் ஏறும். பொறி மூட்டிய தீ பரவுமுன் எஞ்சிய கலவை தானே வெடிக்குமாயின் தட்டும் ஓசை கேட்கும். அது நீடித்தால் பிஸ்டன் கெடும். அவ்வாறு தானே வெடியாதிருக்கும் தன்மையையே ஆக்டேன் எண் குறிக்கிறது. ஆகவே கவனிக்கத்தக்கது எஞ்சினின் பருமன் அன்று; கலவை எவ்வளவு நெருக்கப்படுகிறது என்பதே.

அமெரிக்காவில் பொதுவாகச் சாதாரண ரகத்தின் எண் 87. உயர்ரகத்தின் எண் 91 முதல் 93 வரை. அங்கு விற்கப்படும் செவ்ரொலெட் டாஹோ என்னும் பெரிய வண்டியின் 5.3 லிட்டர் எஞ்சினுக்கு எட்டு ஸிலிண்டர்கள் இருந்தும் சாதாரண ரகமே போதும். மினி கூப்பர் என்னும் சிறு காரின் 1.5 லிட்டர் எஞ்சினுக்கோ, டர்போ காற்றைத் திணிப்பதால், உயர்ரகம் சிபாரிசு செய்யப்பட்டது. அந்நாட்டு மோட்டார் சங்கமாகிய ஏ.ஏ.ஏ. 2016ஆம் வருஷத்தில் சோதித்து, சாதாரண ரகத்துக்கென்று அமைந்த வண்டிகளில் உயர்ரகத்தால் நன்மையில்லை என்று கண்டது. ஓராண்டில் இவ்வாறு வீணான தொகை 210 கோடி டாலருக்கு மேல் என்றும் கணக்கிட்டது.

வண்டி வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை:

1. வண்டியுடன் தரப்பட்ட கைப்புத்தகத்தைப் பார்க்க.

2. உயர்ரகம் 'அவசியம்' என்றிருப்பின் அதையே வார்க்க.

3. 'சிபாரிசு' என்றிருப்பின் சாதாரண ரகத்திலும் ஓடும். வேகம் சிறிது குறையும். பாரம் இழுக்கும்போது உயர்ரகம் நலம்.

4. ஒன்றும் குறிப்பிடாவிடில் சாதாரண ரகமே போதுமானது.

டீஸல் வண்டிகளுக்கு இவ்விஷயம் பொருந்தாது.