இரத்தப் பரிசோதனைத் தாளை வாசிப்பது எப்படி?
தைராய்டும் வைட்டமின்களும்



சர்க்கரை நோயைக் குறித்து சென்ற இதழில் எழுதியதை வாசித்துவிட்டு அநேகர் கடிதம் எழுதியிருந்தீர்கள். சில உறைகளுக்குள் கடிதத்தோடு இரத்தப் பரிசோதனைத் தாளின் நகலும் இருந்தது. "கறுப்பு மையில் தடித்து அச்சடித்திருக்கிற எண்ணைப் பார்த்ததிலிருந்து இரண்டு நாளாகத் தூக்கமில்லை" என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார்கள். அநேகமாக எல்லாத் தாளிலும் அதே மூன்றுதான்: தைராய்டு, வைட்டமின் டி, வைட்டமின் பி12. தபாலில் வைத்தியம் சொல்ல இயலாது. ஆனால் தாளை வாசிக்கும் விதத்தைச் சொல்லித்தரலாம் அல்லவா?

முதலாவது, தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவைக் கவனியுங்கள். அதை எப்படி வகுத்தார்கள் தெரியுமா? ஆரோக்கியமான பலருடைய இரத்தத்தைச் சோதித்து, மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் விட்டுவிட்டு, நடுவில் வருகிற நூற்றுக்கு 95 பேரின் அளவை இயல்பு என்று வைத்தார்கள். ஆகவே நூற்றில் 5 பேர் ஒரு நோயும் இல்லாமலே கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒரே நாளில் செய்தால், நல்ல சுகமுள்ளவருக்கும் ஏதாவது ஒன்று தவறிக் காட்டுவதற்கு நூற்றுக்கு அறுபதுக்கும் மேல் வாய்ப்பு உண்டு. முழு உடல் பரிசோதனை என்று சலுகை விலையில் விற்கிறார்களே, அதை வாங்கிவந்தவர்களில் அநேகர் கவலையையும் சேர்த்து வாங்கிவருவது இதனால்தான்.

அளவுகள் லேபுக்கு லேப் சற்று மாறும். அந்தந்தத் தாளில் உள்ள அளவோடுதான் ஒப்பிட வேண்டும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் தாளோடு உங்கள் தாளை ஒப்பிட்டுப் பயப்படாதிருங்கள். அங்கே வேறு அலகில் எழுதுவார்கள். இங்கே 20 என்று வருகிற வைட்டமின் டி அங்கே 50 என்று வரும். இரண்டும் ஒன்றுதான்.

இனி தைராய்டு. கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி சிறகு விரித்ததுபோல் இந்தச் சுரப்பி இருக்கிறது. எடை ஏறக்குறைய 20 கிராம்தான். உணவிலுள்ள அயோடினை எடுத்து டி4, டி3 என்ற ஹார்மோன்களைச் செய்கிறது. 4, 3 என்பவை ஒவ்வொன்றிலும் உள்ள அயோடின் அணுக்களின் எண்ணிக்கை. சரீரத்தின் சூடு, இருதயத் துடிப்பு, குடலின் ஓட்டம், மாதவிலக்கு எல்லாம் இவற்றைச் சார்ந்திருக்கின்றன.

கட்டட வேலை நடக்கிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு கொத்தனார். மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி மேஸ்திரி. டி.எஸ்.எச். என்பது மேஸ்திரி போடுகிற சத்தம். கொத்தனார் சோர்ந்தால் மேஸ்திரி சத்தத்தை உயர்த்துவார். கொத்தனார் அளவுக்கு மீறி வேலை செய்தால் மேஸ்திரி வாய் திறக்கமாட்டார். ஆகவே டி.எஸ்.எச். ஏறியிருந்தால் தைராய்டு குறைவு. இறங்கியிருந்தால் தைராய்டு அதிகம். தாளில் எண் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு "எனக்குத் தைராய்டு ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். உண்மை நேர் எதிரானது.

பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். பொதுவாக 0.4 முதல் 4 வரை இருக்கும். ஏறியிருந்தால் அடுத்ததாகப் பார்க்கவேண்டியது ஃப்ரீ டி4. டி.எஸ்.எச். ஏறி டி4 குறைந்திருந்தால் சந்தேகமில்லை, மாத்திரை வேண்டும். டி.எஸ்.எச். 6 அல்லது 7 என்று இருந்து டி4 சரியாக இருந்தால் அவசரப்படத் தேவையில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தால் பலருக்குத் தானாகவே இறங்கியிருக்கும். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் மாத்திரை தொடங்குகிறோம். வயது ஏற ஏற டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறுவதும் இயற்கையே. 65 வயதும் அதற்கு மேலும் உள்ள, இப்படி இலேசாக மட்டும் ஏறியிருந்த 737 பேரை வைத்து ஐரோப்பாவில் ஓர் ஆய்வு நடந்தது. 2017-ல் வெளியான அதன் முடிவின்படி, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அசதியில் வித்தியாசம் காணப்படவில்லை. நம் சபைகளிலுள்ள பாட்டிமார் பலர் இதை அறிந்துகொள்வது நல்லது.

டி.எஸ்.எச். மட்டும் பார்த்து ஏமாறுகிற இடமும் உண்டு. பிரசவத்தில் இரத்தம் மிகுதியாகப் போன தாய்க்கு மேஸ்திரியே அடிபட்டுப்போகலாம். பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்பாது, பல வருஷம் கழித்தும் அசதி தீராது. டி.எஸ்.எச். பார்வைக்குச் சரியாக இருக்கும்; டி4 தரையில் கிடக்கும். "உங்கள் பிரசவம் எப்படி இருந்தது?" என்று கேட்டால்தான் இது பிடிபடும். எந்த லேபும் அந்தக் கேள்வியைக் கேட்காது.

முடி கொட்டாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவற்றில் பயோட்டின் என்ற வைட்டமின் நம் அன்றாடத் தேவையைப்போல் நூறு மடங்குக்கு மேல்கூட இருக்கும். சில லேப் இயந்திரங்களை அது ஏமாற்றி, டி.எஸ்.எச். குறைந்ததாகவும் டி4 கூடியதாகவும் காட்டிவிடும். இல்லாத நோய்க்கு வைத்தியம் தொடங்குகிற ஆபத்து இதில் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-லேயே இதைக் குறித்து எச்சரித்தது. இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பு அதை நிறுத்திவிடுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

1914-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் நாளில் கெண்டல் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இந்த ஹார்மோனை முதன்முதல் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதற்கும் முன்பு, 1891-ல், இங்கிலாந்தில் மர்ரே என்ற மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு ஒரு பெண்ணைப் பிழைக்கவைத்தார். அந்த அம்மா அதன்பின் 28 வருஷம் வாழ்ந்தார்கள். இன்று அதே ஹார்மோன் ஒரு சிறு மாத்திரையில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் காப்பியோடு விழுங்கினால் பாதிப் பயன் போய்விடலாம். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காப்பிக்கும் பலகாரத்துக்கும் அரைமணியாவது முன்பு எடுக்கவேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்தே மறுபடி சோதிக்கவேண்டும். மாத்திரையின் அளவு இரத்தத்தில் நிலைபெற அவ்வளவு காலம் ஆகும். பத்தாம் நாளே சோதிப்பது பணவிரயம்.

கருவுற்றதும் "பிள்ளைக்கு ஆகாது" என்று தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடுகிற மருமக்களை எண்ணும்போது மனம் பதறுகிறது. முதல் மாதங்களில் சிசுவின் மூளை தாயின் டி4-ஐ நம்பித்தான் வளர்கிறது. மாத்திரையை நிறுத்தக் கூடாது. அநேகருக்கு அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும். பிறந்த குழந்தைகளிலும் நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒருவருக்குத் தைராய்டு குறைவு உண்டு. பார்த்தால் ஒன்றும் தெரியாது. குதிகாலில் எடுக்கும் சில சொட்டு இரத்தம் அதைக் காட்டிவிடும். இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போல் வளர்ந்து பள்ளிக்குப் போகும். தாமதித்தால் இழந்த மூளை வளர்ச்சி திரும்பாது. உங்கள் பேரக்குழந்தைக்கு இந்தச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள்.

வைட்டமின் டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 20-க்கு மேல் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். 12-க்குக் கீழ் போனால் குறைவுதான். 30 வேண்டும் என்று ஒரு காலத்தில் சொன்ன அமெரிக்க ஹார்மோன் மருத்துவர் சங்கமே 2024-ல் அந்தக் கோட்டைக் கைவிட்டு, சுகமாயிருக்கிறவர்களுக்கு வழக்கமாக இந்தச் சோதனை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. உங்கள் தாள்கள் இன்னும் 30 என்று அச்சிட்டிருப்பதால்தான் அநேகருக்கு 'குறைவு' என்று வருகிறது. வாரத்துக்கு ஒன்றாகச் சில வாரங்கள் மட்டும் எடுக்கவேண்டிய 60,000 யூனிட் பொட்டலத்தைத் தினமும் ஒன்றாக இரண்டு மாதம் சாப்பிட்ட ஒரு பெரியவரை எங்கள் வார்டில் பார்த்தோம். வாந்தி, தீராத தாகம், ஆள் அடையாளம் தெரியாத குழப்பம். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருந்தது. சீட்டில் 'வாரம்' என்று எழுதியிருந்ததை அவருக்கு வாசித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

பி12-ஐக் குறித்துச் சொல்லும்போது என் தவறையும் சொல்லவேண்டும். பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிற, சைவ உணவுக்காரரான 58 வயதுச் சகோதரி ஒருவர் அசதி என்று வந்தார்கள். தைராய்டு குறைவு இருந்தது, மாத்திரை கொடுத்தேன். டி.எஸ்.எச். சரியாயிற்று, அசதி போகவில்லை. மாத்திரையைக் கூட்டினேன். மறுபடி வந்தார்கள், மறுபடி கூட்டினேன். 50 மைக்ரோகிராமில் தொடங்கியது 125 ஆயிற்று. டி.எஸ்.எச். 0.05-க்கு இறங்கியது. நெஞ்சு படபடக்கிறது என்றார்கள். அந்த வயதில் தைராய்டு மாத்திரை மிகுந்தால் இருதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும். நான் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடித்தது எங்கள் செவிலியர். அந்தச் சகோதரி வார்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். காலில் செருப்பு இல்லை என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. பாதம் அவ்வளவு மரத்திருந்தது. பி12 பார்த்தோம்: 120. 200-க்குக் கீழ் இருந்தால் குறைவு. 200-க்கும் 300-க்கும் இடையில் இருந்தாலும், கால் மரத்தல், எரிச்சல், மறதி போன்றவை இருந்தால் விட்டுவிடக் கூடாது. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் பி12 இருக்கிறது. மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் அது குடலில் சேருவது குறையும். தைராய்டைத் தாக்குகிற அதே எதிர்ப்புச் சக்திக் கோளாறு சிலருக்கு வயிற்றையும் தாக்கிப் பி12-ஐச் சேரவிடாமல் செய்யும். வெறும் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தசோகை மறையும். நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

தைராய்டு மாத்திரையைக் குறைத்து, பி12 ஊசி தொடங்கினோம். படபடப்பு சில வாரங்களில் நின்றது. அசதி மூன்று மாதத்தில் பெரும்பாலும் நீங்கியது. கால் மரத்தல் கணுக்காலிலிருந்து விரல் நுனிக்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வருஷம் முன்பே பார்த்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது அவர்கள் வரும்போதெல்லாம் மேசைமேல் தாளை வைப்பதற்கு முன்பாக, சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையிலிருந்து எடுத்து வரிசையாக வைக்கிறார்கள். நானும் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்த பிறகே தாளைக் கையில் எடுக்கிறேன்.